புதிதாக நர்ஸ் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு

நர்ஸிங் முடித்து வேலையில் சேர்ந்த இரண்டாம் மாதமே "எனக்கு இந்த வேலை வேண்டாம் அத்தா" என்று அழும் மகளை என்ன செய்வது என்று கேட்டு நம்மிடம் வரும் பெற்றோர் உண்டு. பெண்பிள்ளை இரவுப் பணிக்குப் போகலாமா, ஆண் நோயாளியைத் தொடலாமா என்ற மார்க்கத் தீர்ப்பையே அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். பிள்ளையிடம் பேசினால் அவளுடைய பயம் வேறாக இருக்கிறது. "என் கையால் ஒரு தப்பு நடந்துவிட்டால்?" என்பதுதான் அது.

பெற்றோரின் கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. நபி (ஸல்) அவர்கள் காலத்திலேயே ருஃபைதா (ரலி) அவர்கள் கூடாரம் அமைத்துக் காயம்பட்டோருக்குச் சிகிச்சை செய்தார்கள். அகழ்ப்போரில் அம்பு தைத்த ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களும் அங்கேதான் சேர்க்கப்பட்டார்கள். சிகிச்சைக்குத் தேவையான அளவு தொடுவதை நம் உலமாக்கள் அனுமதித்தே இருக்கிறார்கள்.

மகளின் பயத்துக்கு வருவோம். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் கல்லூரியில் மனப்பாடம் செய்திருப்பாள். வார்டில் நான்கு பேர் ஒரே நேரத்தில் "சிஸ்டர்" என்று கூப்பிடும்போதுதான் அது தடுமாறும்.

இன்சுலினையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. இரண்டுக்கும் சிரிஞ்சு வேறு வேறு. 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து 40-க்கான சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 20 யூனிட் அல்ல, 50 யூனிட். சர்க்கரை சடாரென இறங்கி நோயாளி நினைவிழக்கலாம், உயிரே போகலாம். ஆகவே குப்பியையும் சிரிஞ்சையும் இன்னொரு நர்ஸிடம் காட்டிவிட்டுப் போடுவதில் வெட்கம் எதுவும் இல்லை. "இதுகூடத் தெரியாதா?" என்று சீனியர் கடிந்துகொள்ளலாம். கடியட்டும், கேட்டுவிட்டே போட வேண்டும். டாக்டர் போனில் சொல்லும் மருந்தையும் எழுதி, திரும்பப் படித்துக் காட்டி உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அப்படியும் தவறு நடந்துவிட்டால்? மறைக்கத்தான் மனம் தூண்டும். வேலை போய்விடுமோ, வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற பயம். ஆனால் நோயாளியின் உயிர் நம் கையில் தரப்பட்ட அமானிதம். உடனே டியூட்டி டாக்டரிடம் சொன்னால் சர்க்கரையைப் பரிசோதித்து குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்ற வழி இருக்கிறது. ஒரு மணி நேரம் மௌனமாக இருந்தால் அந்த வழி அடைபடலாம். தவ்பாவும் இஸ்திஃபாரும் அவசியம்தான், ஆனால் டாக்டரிடம் சொல்வதற்கு அவை பதிலாகாது.

தன் விரலில் ஊசி குத்திவிட்டாலும் இதே முறைதான். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அப்போதே தெரிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்க வேண்டும். மஞ்சள் காமாலைக்கான ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்றா என்று, வேலையில் சேரும் முன்பே பெற்றோர் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொழுகைக்கு, உடன் பணிபுரிபவரிடம் சொல்லிவிட்டு முறைவைத்துப் பத்து நிமிடம் ஒதுங்கிக்கொள்ளலாம். ரத்தம் பட்ட சீருடைக்கு மாற்றாகச் சுத்தமான உடை ஒன்று பையில் இருக்கட்டும். தொழுதுகொண்டிருக்கும்போது நோயாளியின் உயிருக்கு ஆபத்து என்றால் தொழுகையை விட்டுவிட்டு ஓட வேண்டும், பிறகு திரும்பத் தொழுதுகொள்ள வேண்டும். இதைப் பல பிள்ளைகள் அறியாமல் தவிக்கிறார்கள்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. இரவு முழுக்க நின்றுவிட்டு வரும் மகளை, மருமகளை, பத்து மணிக்கு விருந்தாளி வந்தார் என்று எழுப்பாதீர்கள். தூக்கம் கெட்ட கண்ணோடுதான் அவள் அன்றிரவும் அந்தக் குப்பியின் எழுத்தைப் படிக்க வேண்டியிருக்கும்.