பின்ன நுண்கணிதமும் இயற்பியலும்

பின்ன நுண்கணிதம் என்பது வகையிடுதலையும் தொகையிடுதலையும் முழு எண் அல்லாத வரிசைகளுக்கும் விரிவுபடுத்தும் கணிதப் பிரிவு ஆகும். பெயரில் 'பின்னம்' இருந்தாலும், வரிசை √2 போன்ற விகிதமுறா எண்ணாகவும் இருக்கலாம். கடந்தகால நிகழ்வுகளின் தாக்கம் நீடிக்கும் அமைப்புகளை விவரிக்க இயற்பியலில் இது பயன்படுகிறது.

தோற்றம்

1695 செப்டம்பர் 30 அன்று லோபிதாலுக்கு எழுதிய கடிதத்தில் லைப்னிட்சு அரை வரிசை வகைக்கெழுவைப் பற்றிக் குறிப்பிட்டார். ஒரு மாறியை அதைப் பொறுத்து அரை வகையிட்டால், அதன் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் உள்ள விடை கிடைக்கும். அவ்விடையை மீண்டும் அரை வகையிட்டால் 1 கிடைக்கும். இதுவே வழக்கமான முதல் வகைக்கெழு.

நினைவுப் பண்பு

ஒரு வண்டியின் இப்போதைய வேகத்தை அறிய, அது எங்கிருந்து புறப்பட்டது என்று தெரிய வேண்டியதில்லை. சாதாரண வகைக்கெழு அக்கணத்தை ஒட்டிய மாற்றத்தை மட்டுமே பார்க்கிறது. பின்ன வகைக்கெழுவோ தொடக்கம் முதல் அக்கணம் வரையிலான மாற்றங்கள் அனைத்தையும் கணக்கில் கொள்கிறது. அண்மைய மாற்றங்களுக்கு மதிப்பு அதிகம், பழையவற்றுக்குக் குறைவு. ஆயினும் அவை முற்றிலும் மறைவதில்லை.

பயன்பாடுகள்

பாகுமீட்சிப் பொருள்கள்: ஊக்கின் விதிப்படி மீட்சிப்பொருளில் தகைவு, திரிபுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். நியூட்டனின் பாய்மத்தில் அது திரிபின் முதல் வகைக்கெழுவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பிசைந்த மாவு, பலபடிகள் போன்றவை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. எனவே 0க்கும் 1க்கும் இடைப்பட்ட வரிசை இவற்றுக்குப் பொருந்துகிறது. இக்கருத்தை 1940களில் ஸ்காட் பிளேர் வளர்த்தெடுத்தார்.

வெப்பக் கடத்தல்: தொடக்கத்தில் சீரான வெப்பநிலையில் உள்ள மிகத் தடித்த திண்மத்தின் பரப்பு வழியே பாயும் வெப்பம், பரப்பு வெப்பநிலை மாற்றத்தின் அரை வகைக்கெழுவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே, உட்பகுதியை அளக்காமலேயே வெப்பப் பாய்வைக் கணக்கிடலாம்.

விரவல்: இயல்பான விரவலில் துகள்களின் சராசரி வர்க்க இடப்பெயர்ச்சி காலத்துக்கு நேர்விகிதத்தில் வளரும். படிக உருவமற்ற சில குறைகடத்திகளில் மின்னூட்டங்கள் ஆங்காங்கே நெடுநேரம் சிக்கிக்கொள்வதால் இவ்வளர்ச்சி மந்தமாகிறது. அப்போது சமன்பாட்டில் காலத்தைப் பொறுத்த பின்ன வகைக்கெழு இடம்பெறுகிறது.

கவனிக்க வேண்டியது

பின்ன வகைக்கெழுவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வரையறைகள் உண்டு. ரீமன்–லியோவில் வரையறையில் ஒரு மாறிலியின் பின்ன வகைக்கெழு பொதுவாகச் சுழி ஆகாது. 1967 இல் கபூட்டோ அளித்த வரையறையில் அது சுழியாகும். பின்னதில் தொடக்க இடம், தொடக்கத் திசைவேகம் போன்ற பழகிய அளவுகளையே தொடக்க நிபந்தனைகளாகக் கொள்ளலாம். எனவே கணக்கைத் தொடங்கும் முன் எந்த வரையறை பயன்படுகிறது என்பதைக் குறிப்பிடுவது அவசியம். இல்லையேல் ஒரே தோற்றமுள்ள சமன்பாடு வெவ்வேறு விடைகளைத் தரக்கூடும்.