கயிறும் கழியும்

இரண்டு நாள் சாரணர் முகாமுக்குப் பிள்ளையை அனுப்பக் கேட்டால், "படிப்பு கெட்டுவிடுமே" என்று தயங்கும் பெற்றோர் நம்மில் அதிகம். அங்கே என்னதான் கற்றுத் தருகிறார்கள்?

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் 20 சிறுவர்களுடன் நடத்திய முதல் முகாமிலேயே முடிச்சுகள் பாடமாயிருந்தன. சாயல்குடிக் கரையோரப் பிள்ளைகளுக்குக் கயிறு புதிதன்று. வள்ளத்தையும் வலையையும் முடிச்சுகளே காக்கின்றன. ஆயினும் எந்த முடிச்சு எதற்கு என்று அறிவதே சாரணக் கல்வி. ரீஃப் முடிச்சு காயக்கட்டுக்கு உகந்தது. உயிரை நம்பித் தொங்க அது ஆகாது, நழுவிவிடும். அதற்குரியது போலைன். அதன் கண்ணி இழுக்க இழுக்க இறுகாது. நீரில் தத்தளிப்பவரின் மார்பைச் சுற்றிப் போட்டு இழுத்தாலும் நெரிக்காது. கடலோர வீட்டில் ஒருவருக்கேனும் இது தெரிந்திருக்க வேண்டாமா? பெண்மக்களுக்கும் சாரணியர் படை உண்டு.

பின்னர் கழிகளைப் பிணைத்துப் பாலம் அமைப்பார்கள். குறுக்காக வைத்த இரு கழிகளைச் சுற்றிக் கட்டியபின், அவற்றின் இடையே கயிற்றைச் செலுத்தி அச்சுற்றுகளையே இறுக்க வேண்டும். சோம்பி இதை விட்டவனின் பாலம் தோழன் ஏறியதுமே ஆடும். அவனே அவிழ்த்துக் கட்டுவான். ஆசிரியர் திட்டத் தேவையில்லை.

இரவில் விளையாட்டும் கயிறுதான்: கண்ணைக் கட்டிக்கொண்டு முடிச்சுப் போடும் போட்டி. முகாமிலிருந்து திரும்பும் பிள்ளையிடம் ஒரு கயிற்றைக் கொடுத்து, போலைன் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.