வருங்கால வானூர்தியும் நிலத்தின் ஆயத்தமும்

விழா மலர்கள் பெரும்பாலும் கடந்த காலத்தை நோக்குவன. நம்மை ஆளாக்கிய ஆசிரியர்களையும், விளையாட்டிடத்தில் ஈட்டிய வெற்றிகளையும், கட்டிடங்கள் எழுந்த வரலாற்றையும் எடுத்துரைத்தல் அவற்றின் கடன். ஆயினும், இம்மலரைக் கையிலேந்தும் மாணவன் தன் நடுவயதில் எவ்வாறு பிரயாணஞ் செய்வான் என்பதையும் சிறிது சிந்தித்தல் பொருத்தமாகும். ஆதலின், ஓட்டுநர் இன்றித் தாமே பறக்கும் வானூர்திகளைப் பற்றி, அதிலும் அவை வந்திறங்கும் நிலத்தைப் பற்றி, இங்கே எழுதத் துணிந்தோம்.

வானூர்தியைப் பற்றிப் பேசுவோர் வானத்தையே நோக்குவர். நாம் நிலத்தை நோக்குவதற்குக் காரணம் உண்டு. கப்பலின் பயன் துறைமுகத்தாலும், புகைவண்டியின் பயன் நிலையத்தாலும் அளவிடப்படுகின்றன. வானூர்தியின் பயனும் அவ்வாறே. ஊர்தி பழையதானால் அதனை நீக்கிப் புதியது வாங்கலாம். தவறான இடத்தில் அமைத்த தளத்தையோ எளிதிற் பெயர்க்க முடியாது. அதன் ஓசையும் ஆபத்தும் அயலில் வாழ்வோரைத் தலைமுறை தலைமுறையாகத் தொடரும். எனவே, வானப் போக்குவரத்தின் நன்மையும் தீமையும் நிலத்திலேயே முதலில் தீர்மானிக்கப்படுகின்றன என்பதே எமது கட்டுரையின் கருத்து.

முதலில், இவ்வூர்திகள் எத்தகையன எனக் காண்போம். மின்கலங்களின் வலுவினாற் பல சிறு விசிறிகளைச் சுழற்றி, நிலைக்குத்தாக எழுந்து, நிலைக்குத்தாகவே இறங்குவன இவை. நீண்ட ஓடுபாதை இவற்றுக்கு வேண்டியதில்லை. சீன நாட்டில் இகாங் என்னும் கம்பனி செய்த, பதினாறு விசிறிகளும் இரண்டு ஆசனங்களும் உடைய ஊர்திக்கு, அந்நாட்டு விமானப் போக்குவரத்து அதிகாரிகள் 2023 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வகைச் சான்றிதழ் வழங்கினர். அதில் விமானி இல்லை. அமர்வோர் இருவரும் பிரயாணிகளே. நிலத்திலுள்ள நிலையம் ஒன்றிலிருந்து அதன் பறப்பு மேற்பார்வை செய்யப்படுகின்றது. இத்தகைய ஊர்திகள் ஏறியிறங்கும் இடத்தை ஆங்கிலத்தில் ‘வேர்ட்டிபோர்ட்’ என்பர். துறை என்னும் சொல் நமக்குப் பழகியது ஆதலின், நாம் அதனை ‘வான்துறை’ என வழங்குவோம்.

புதியது போலத் தோன்றினும், இம்முயற்சிக்கு முன்னோடி ஒன்று உண்டு. நியூ யோர்க் மாநகரின் நடுவே ஐம்பத்தொன்பது மாடிகளுடன் எழுந்த பான் அம் கட்டிடத்தின் உச்சியில், 1965 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், ஹெலிகொப்டர் சேவையொன்று தொடங்கிற்று. நகரின் நடுவிலிருந்து கென்னடி விமான நிலையத்தை மிகச் சில நிமிடங்களில் அடையலாம் என்பது அதன் பெருமை. 1968 இல் நின்றுபோன அச்சேவை, 1977 ஆம் ஆண்டு பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியது. மூன்று மாதங்கள் சென்றன. மே மாதம் 16 ஆம் நாள், பிரயாணிகள் ஏறிக்கொண்டிருந்த வேளையில், கூரைமீது நின்ற ஹெலிகொப்டரின் சக்கரத்தாங்கி முறிந்தது. ஊர்தி பக்கவாட்டிற் சாய்ந்தது. சுழன்றுகொண்டிருந்த விசிறியலகு கூரையில் நின்ற நால்வரைக் கொன்றது. சிதறிய துண்டொன்று கீழே வீதியில் விழுந்து, நடந்து சென்ற பெண்ணொருத்தியின் உயிரையும் மாய்த்தது. அன்றுடன் அத்தளம் மூடப்பட்டது.

இந்நிகழ்ச்சியை நாம் ஏன் நினைவூட்டுகின்றோம்? அன்று ஊர்தி வானிலிருந்து விழவில்லை. தளத்தில் நின்றபோதே விபத்து நேர்ந்தது. இறந்த ஐவருள் ஒருவர் அவ்வூர்தியில் ஏற எண்ணியவருமல்லர். பறப்பவர் தம் ஆபத்தை அறிந்து ஏறுகின்றனர். கீழே நடப்பவரை எவரும் கேட்பதில்லை. வான்துறையை அமைப்போர் தம் கணக்கில் முதலிற் சேர்க்கவேண்டியவர் அந்த வழிப்போக்கரே.

இனி, வான்துறைக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என ஆராய்வோம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் சமஷ்டி விமானப் போக்குவரத்து நிருவாகம் 2022 ஆம் ஆண்டில் இது குறித்து முதல் வழிகாட்டற் குறிப்பை வெளியிட்டது. ஊர்தியை முழுதும் உள்ளடக்கும் மிகச் சிறிய வட்டத்தின் விட்டமே அதில் அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. ஊர்தி நிலத்தைத் தொடும் களம் அவ்விட்டத்தின் ஒரு மடங்கு; அணுகி இறங்கவும் எழுந்து செல்லவுமான களம் இரு மடங்கு; அதனைச் சூழ்ந்த பாதுகாப்புப் பரப்பு மும்மடங்கு. ஊர்தியின் விட்டம் 12 மீற்றராயின், ஒரு பக்கம் 36 மீற்றர் கொண்ட சதுரம் வேண்டும். இது 1,296 சதுர மீற்றர். பத்துப் பேர்ச்சு கொண்ட நம்மூர்ப் பரப்பிற் கூறுவதாயின், ஐந்து பரப்பிற்குச் சற்று மேல். ஓர் ஊர்தி ஏறியிறங்க மாத்திரம் இவ்வளவு. தரிப்பிடமும், பிரயாணிகள் கூடும் மண்டபமும், மின்னேற்றும் இடமும் இதிற் சேரா.

நிலம் மட்டுமன்று, நிலத்தின்மேலுள்ள வெளியும் வேண்டும். ஊர்தி வரும் திசையிலும் செல்லும் திசையிலும், எட்டு மீற்றர் தூரத்திற்கு ஒரு மீற்றர் உயரம் என்னும் சாய்வுக்கு மேலே எதுவும் நீட்டிக்கொண்டிருத்தல் ஆகாது. முப்பது மீற்றர் உயர்ந்த பனையொன்று அவ்வழியில் நிற்குமாயின், அது களத்தின் விளிம்பிலிருந்து 240 மீற்றருக்கு அப்பால் நிற்கவேண்டும். இன்று வெறுங்காணியாக உள்ள அயலில் நாளை மாடிவீடு எழுந்தால், வான்துறை பயனற்றுப்போகும். ஆகவே, நகர அமைப்புச் சட்டத்தினால் அவ்வெளியை முன்னரே ஒதுக்கிவைத்தல் வேண்டும். அதனால் இழப்படையும் காணிக்காரருக்கு ஈடு செய்யும் வழியையும் அன்றே வகுத்தல் நீதியாகும். மேலும், ஊர்தி கீழ்நோக்கித் தள்ளும் காற்று நிலத்திற் பட்டு நாற்புறமும் சீறிப் பாயும். அது மனிதரைத் தள்ளிவிடவும், கல்லையும் தகரத்தையும் வாரியெறியவும் வல்லது. 2024 ஆம் ஆண்டின் இறுதியில் அக்குறிப்புத் திருத்தப்பட்டபோது, இக்காற்று வீசும் வலயத்திலிருந்து மக்களைக் காத்தலும் வலியுறுத்தப்பட்டது.

அடுத்து, எத்தனை பேர் பயன்பெறுவர் என்னும் வினா எழும். எளிய கணக்கொன்று செய்து பார்ப்போம். ஒரு களத்தில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஏற்றமோ இறக்கமோ நிகழ்வதாகக் கொண்டால், ஒரு மணித்தியாலத்தில் இருபது நிகழ்ச்சிகள். அதாவது பத்து வரவும் பத்துச் செலவும். ஊர்தியொன்றில் நால்வர் ஏறினால், மணித்தியாலத்துக்கு நாற்பது பேர் புறப்படுவர். ஒரு பஸ் வண்டியில் ஏறுவோர் தொகையும் அவ்வளவே! வந்த ஊர்தி ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம் தரித்து நின்றால், எந்நேரத்திலும் சராசரி இரண்டரை ஊர்திகள் அங்கே நிற்கும். எனவே மூன்று தரிப்பிடங்கள் இன்றியமையாதன, தாமதமும் பழுதும் நேருமாதலின் நான்காவதும் வேண்டும். இக்கணக்கு நமக்கு உணர்த்துவது யாது? வான்துறை ஒருபோதும் புகைவண்டிக்கும் பஸ்ஸுக்கும் மாற்றாகாது. அவற்றுக்குத் துணையே ஆகும். அன்றியும், பத்து நிமிடம் பறந்தவர் இறங்கியபின் நாற்பது நிமிடம் வீதியிற் காத்திருப்பாராயின் பறந்ததனால் வந்த பயன் யாது? பஸ் நிலையத்தையும் புகைவண்டி நிலையத்தையும் அடுத்தே வான்துறை அமையவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

மின்சாரத்தைப் பற்றியும் கூறவேண்டும். ஊர்தியொன்றுக்கு 100 கிலோவாற்று மணி மின்சக்தியைப் பத்து நிமிடத்தில் ஏற்றவேண்டுமாயின், 600 கிலோவாற்று வலு தேவை. மூன்று ஊர்திகள் ஒருங்கே நின்றால் 1,800 கிலோவாற்று. இத்துணை வலுவைத் தருவதற்குத் தனி மின்மாற்றியும், தடித்த நிலக்கீழ் வடங்களும், மின்சாரம் தடைப்பட்டால் உதவும் சேமிப்பும் வேண்டும். களத்தை ஓராண்டில் அமைத்துவிடலாம். மின்வழங்கலைப் பெறுவதோ அதனினும் காலம் எடுக்கும் காரியம். தீயணைப்பும் அவ்வாறே. இலிதியம் மின்கலத்திற் பற்றிய தீ அணைந்ததுபோலத் தோன்றி மீண்டும் மூளும் இயல்புடையது. அதனைக் குளிர்விக்கப் பெருமளவு நீரும், எரிந்த ஊர்தியைத் தனியே ஒதுக்கிவைக்கும் இடமும், அந்நீர் கிணறுகளிற் கலவாது தேக்கும் தொட்டியும் திட்டத்தில் இடம்பெறவேண்டும்.

ஓட்டுநர் இன்மையால் நிலத்தின் பொறுப்பு இன்னும் பெருகுகின்றது. விமானி தன் கண்ணாற் கண்டு செய்வனவற்றையெல்லாம் இனி நிலத்திலுள்ள கருவிகளும் ஊர்தியின் கணினியும் பகிர்ந்து செய்யவேண்டும். களத்தில் நாய் குறுக்கிட்டதா, காற்றின் வேகம் மாறியதா, முன்னர் இறங்கிய ஊர்தி விலகிற்றா என்பன யாவும் உடனுக்குடன் அறியப்படல் வேண்டும். அத்துடன், மின்கலத்தில் ஓடும் ஊர்தி வானிற் சுற்றிக்கொண்டு நெடுநேரம் காத்திருக்க இயலாது. இதற்கு உபாயம் யாது?

நம் நாட்டுப் புகைவண்டிப் பாதையில் இதற்கு நல்லதோர் உவமை உண்டு. ஒற்றைத் தண்டவாளப் பாதையிலே, நிலைய அதிபர் வளையத்திற் கோத்துக் கொடுக்கும் அடையாளத் தட்டினைப் பெற்ற பின்னரே சாரதி வண்டியைச் செலுத்துவார். அடுத்த நிலையம் வரையுள்ள பாதை அவருக்கே உரியது என்பதற்கு அத்தட்டே சாட்சி. யாழ்தேவியிற் சென்ற பழைய மாணவர் பலர் இக்காட்சியைச் சன்னலோரத்திலிருந்து கண்டிருப்பர். வானூர்திக்கும் அவ்விதியே தகும்: சென்றடையும் வான்துறையில் இறங்குகளம் அதற்கென உறுதிசெய்யப்பட்ட பின்னரே அது புறப்படல் வேண்டும். அக்களம் எதிர்பாராது தடைப்படின் இறங்குதற்கு, எட்டும் தூரத்தில் வேறோர் இடம் எப்பொழுதும் வெறுமையாக இருத்தல் வேண்டும். வருவாய் தராத அவ்வெற்றிடத்தை வீண் எனக் கருதி விற்கத் துணிவோர் வருவர். அவ்விடத்திலேயே உயிர்களின் பாதுகாப்பு இருக்கின்றது என்பதை அவர்கள் அறியவேண்டும்.

ஆயத்தம் வேண்டும் என்பதனால் அவசரமும் வேண்டும் எனக் கொள்ளலாகாது. 2024 ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் விழாவின்போது மக்களை ஏற்றிப் பறப்பதென ஜேர்மனியின் வொலொகொப்டர் கம்பனியும் அந்நகர விமான நிலைய நிறுவனமும் திட்டமிட்டன. செயின் நதியில் மிதக்கும் தளம் ஒன்றும் அத்திட்டத்தில் அடங்கியிருந்தது. ஓசை பற்றியும் பயன் பற்றியும் நகர மக்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. ஊர்திக்கு உரிய சான்றிதழும் காலத்திற் கிடைக்கவில்லை. ஆளை ஏற்றாத பரீட்சைப் பறப்புடன் முயற்சி நின்றது. அவ்வாண்டு டிசெம்பரில் அக்கம்பனி கடனிறுக்க வகையற்று நீதிமன்றை நாடிற்று. ஓர் ஊர்தியை நம்பித் தளம் அமைப்போர் அவ்வூர்தி வாராது போயின் என் செய்வர்? பலவகை ஊர்திகளுக்கும் பொதுவான அளவில் அமைத்தலும், இன்று ஹெலிகொப்டருக்கும் நோயாளரை ஏற்றுதற்கும் பயன்படச் செய்தலும், ஊர்மக்களின் சம்மதத்தை முதலிற் பெறுதலுமே அறிவுடைமை.

மனிதரை ஏற்றும் ஊர்தி இவ்வாறு தடுமாற, பொருளை ஏற்றும் சிறு ஊர்தி ஆபிரிக்காவில் அமைதியாக வென்றது. ருவாண்டா நாட்டின் முகாங்காவில், 2016 ஆம் ஆண்டு ஒக்டோபரில், ஸிப்லைன் என்னும் அமெரிக்கக் கம்பனி அரசாங்கத்துடன் சேர்ந்து குருதி விநியோகத்தைத் தொடங்கிற்று. மலைப்பாங்கான அந்நாட்டில் மகப்பேற்றின்போது குருதி இழக்கும் தாய்க்குக் காலத்திற் குருதி சேர்ப்பது அரிது. தானே பறக்கும் சிறு விமானம் ஒன்று கவண் போன்ற பொறியால் ஏவப்பட்டு, வைத்தியசாலையின் மேலே தாழப் பறந்து, குடையிற் கட்டிய பொதியை இட்டுத் திரும்பும். 2022 இல் வெளிவந்த ஆய்வொன்று, சராசரி ஐம்பது நிமிடத்திற் குருதி சென்றடைந்ததென்றும், வீதி வழியினும் இது 79 நிமிடம் விரைவென்றும், காலங்கடந்து வீணாகும் குருதி ஓராண்டில் 67 வீதம் குறைந்ததென்றும் கண்டது. இதன் இரகசியமும் நிலத்திலேயே உள்ளது. ஏவுபொறி, மின்கலம், குருதிக் களஞ்சியம், தொழில்நுட்பர் ஆகிய செலவு மிக்கன யாவும் ஒரே இடத்தில் வைக்கப்பட்டன. வைத்தியசாலைக்கு வேண்டியதோ சிறு முற்றம் ஒன்றே.

நம் வடகடலிலே, குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் செல்லவேண்டிய நெடுந்தீவில் வாழ்வோருக்கு இச்செய்தி வேற்று நாட்டுக் கதையாகத் தோன்றாது. கடல் கொந்தளிக்கும் நாளில் மருந்து அங்கே எவ்வாறு சேரும்? காற்றின் போக்கையும் செலவையும் பராமரிப்பையும் ஆராய்ந்து விடை காணவேண்டிய வினா அது.

எமது மாணவருட் சிலர் நாளை பொறியியலாளராகவும், நில அளவையாளராகவும், வைத்தியராகவும், நிருவாகிகளாகவும் விளங்குவர். வானூர்தியைப் படைக்கும் வாய்ப்பு அவருள் மிகச் சிலருக்கே வாய்க்கும். ஆனால், எந்தக் காணியை ஒதுக்குவது, எந்த வெளியைக் காப்பது, எவருடைய தூக்கத்தைக் கலைப்பது, எவருக்கு முதலிற் பயன் தருவது என்னும் தீர்மானங்கள் அவர்தம் மேசைக்கு நிச்சயமாக வரும். அந்நாளில், பறப்பவரை எண்ணுமுன் கீழே நடப்பவரை எண்ணுமாறு அவரை வேண்டி இக்கட்டுரையை நிறைவு செய்கின்றோம்.