மறக்கப்பட்ட நோய்கள் – 9: இரவல் மருந்துகள்

பீகாரின் முசாஃபர்பூர் பக்கத்துக் கிராமங்களில் மண்சுவர் வீடும் அதை ஒட்டி மாட்டுக்கொட்டிலும் இருக்கும். மணல் ஈக்கு அது போதும். கொசுவைவிடச் சிறிய பூச்சி அது. கடிக்கும்போது லெய்ஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியை உள்ளே இறக்கிவிடும். பிறகு வாரக்கணக்கில் காய்ச்சல் அடிக்கும், மண்ணீரல் வீங்கி வயிறு புடைக்கும், ரத்தம் வற்றும். வைத்தியம் இல்லையென்றால் அநேகமாக மரணம்தான். இதுதான் காலா அசார்.

இந்த நோய்க்கென்றே உட்கார்ந்து மருந்து தேடியவர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி. கல்கத்தா கேம்பல் மருத்துவமனையில், தண்ணீர்க் குழாய்கூட இல்லாத ஒரு சின்ன அறையில், மண்ணெண்ணெய் விளக்கொளியில் வேலை பார்த்தார். 1920-களின் தொடக்கத்தில் அங்கே பிறந்ததுதான் யூரியா ஸ்டிபமைன் என்ற ஆன்டிமனி மருந்து. 1929-ல் அவர் பெயர் நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை.

அதன்பின் பல பத்தாண்டுகள் ஆன்டிமனி ஊசிகளே கதி. தினம் ஒன்றாக ஏறக்குறைய ஒரு மாதம் போட வேண்டும். இதயத்தையும் பதம் பார்க்கும். 1990-களில் வடக்கு பீகாரில் பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு அது கேட்கவே இல்லை. அரைகுறையாக ஊசி போட்டதுதான் காரணம் என்பது ஒரு தரப்பு. நிலத்தடி நீரில் கலந்த ஆர்செனிக், தன் பங்காளியான ஆன்டிமனியைத் தாங்கும் சக்தியை ஒட்டுண்ணிக்குக் கொடுத்துவிட்டது என்று சந்தேகிப்போரும் உண்டு.

புது மருந்து வேண்டும். ஆனால் வாங்கக் காசில்லாதவனின் நோய்க்கு எந்தக் கம்பெனி ஆராய்ச்சி செய்யும்? ஆகவே எல்லாமே இரவலாக வந்தன. பாரோமோமைசின் 1960-களிலேயே இருந்த ஆன்டிபயாடிக். 2006-ல்தான் இந்தியாவில் இந்த நோய்க்கு அனுமதி பெற்றது. ஆம்போடெரிசின் பூஞ்சைக்கான மருந்து. மில்டெஃபோசின் புற்றுநோய்க்காக உருவானது.

ஆம்போடெரிசின் கதை சுவாரஸ்யமானது. பழைய வடிவத்தில் ஒருநாள் விட்டு ஒருநாளாகப் பதினைந்து டிரிப்ஸ் ஏற்றுவார்கள். குளிர்ஜுரம் தூக்கிப்போடும். கூலிக்காரர் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. அதே மருந்தை நுண்ணிய கொழுப்பு உருண்டைகளுக்குள் அடைத்தபோது நிலைமை மாறியது. வெளியிலிருந்து வரும் துகள்களை விழுங்கும் வெள்ளணுக்கள் கல்லீரலிலும் மண்ணீரலிலும் உண்டு. ஒட்டுண்ணி ஒளிந்து வாழ்வதும் அவற்றுக்குள்ளேதான். உருண்டையை உணவென்று விழுங்கும் அணு, மருந்தை எதிரியின் வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. முசாஃபர்பூரில் மருத்துவர் ஷ்யாம் சுந்தரின் குழு 412 பேரிடம் நடத்திய ஆய்வு 2010-ல் வெளியானது. ஒரே ஒரு டிரிப்ஸில் 95.7 சதவீதம் பேர் குணமானார்கள். பதினைந்து டிரிப்ஸ் ஏற்றியவர்களில் 96.3 சதவீதம். தடை விலைதான். தயாரிப்பாளரான கிலியட் உலக சுகாதார நிறுவனம் வழியாக மருந்தை நன்கொடையாகத் தரத் தொடங்கிய பிறகே அது ஏழைகளைப் பரவலாக எட்டியது.

மில்டெஃபோசின் இந்த நோய்க்கு வாயால் விழுங்கக் கிடைத்த முதல் மருந்து. இந்தியாவில் 2002-ல் அனுமதி. 28 நாள் சாப்பிட வேண்டும். கருவைப் பாதிக்கும் என்பதால் பெண்களுக்குக் கருத்தடை கட்டாயம். பொதுப்பணத்தின் உதவியோடு, பீகார் நோயாளிகளின் உடம்பில் சோதித்துத் தேறிய மருந்து இது. 2014-ல் அமெரிக்கா இதை அனுமதித்தபோது, விண்ணப்பித்த நைட் என்ற கனடா கம்பெனிக்கு ஒரு சீட்டு பரிசாகக் கிடைத்தது. வேறொரு மருந்தின் பரிசீலனையை விரைவுபடுத்தும் அந்தச் சீட்டு 12.5 கோடி டாலருக்கு விலைபோனது. வாங்கியது கிலியட். புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கு மருந்து செய்வோரை ஊக்குவிக்க வந்த திட்டமாம்! பீகாருக்கு அதில் ஒரு பைசா போயிருக்குமா?

இப்போது நோவார்ட்டிஸ் கம்பெனியும், புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கு மருந்து தேடும் டிஎன்டிஐ அமைப்பும் எல்எக்ஸ்இ408 என்ற வாய்வழி மருந்தைச் சோதிக்கின்றன. பழைய புரதங்களை உடைத்து அகற்றும் ஒட்டுண்ணியின் இயந்திரத்தையே அது முடக்குகிறது. இது வேறு நோயிடமிருந்து வாங்கிய இரவல் அல்ல.

காய்ச்சல் குணமாகிச் சில வருடம் கழித்து, சிலருக்குத் தோலில் வெளிறிய திட்டுகள் வருகின்றன. வலி இல்லை, அரிப்பு இல்லை. ஆனால் உள்ளே ஒட்டுண்ணி உயிரோடு இருக்கிறது, மணல் ஈயும் கடிக்கிறது. தன்னை நோயாளி என்றே நினைக்காத அவரைப் பன்னிரண்டு வாரம் மாத்திரை சாப்பிட வைப்பது எப்படி? அடுத்த வாரம் பார்க்கலாம்.