பென்குயின்களுக்கு வழிவிட்ட ஊர்கள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்போர்னுக்கு மேற்கே உள்ள கடலோர ஊர் வார்னம்பூல். கரையை ஒட்டினாற்போல் மிடில் ஐலண்ட் என்ற சின்னஞ்சிறு பாறைத் தீவு. 2000-ஆம் ஆண்டு வாக்கில் அங்கே நூற்றுக்கணக்கான பென்குயின்கள் இருந்தன. 2005-இல் எண்ணிப் பார்த்தபோது பத்துகூடத் தேறவில்லை.

அத்தனையையும் தீர்த்துக் கட்டியது நரி. கடல் வற்றும் வேளையில் கரையிலிருந்து தீவுக்கு நரி எளிதாகப் போய்விடும். அது அந்த மண்ணின் விலங்கும் அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் வேட்டைப் பொழுதுபோக்குக்காக ஆங்கிலேயக் குடியேறிகள் கொண்டுவந்து விட்டது. தப்பியோட முடியாத இரை கூட்டமாகக் கிடைத்தால் நரி பசியாறியதோடு நிற்காது. எட்டியதையெல்லாம் கடித்துப் போட்டுவிட்டுப் போகும்.

இங்கே வாழ்வது பென்குயின்களிலேயே மிகச் சிறிய இனம். உயரம் ஓரடிக்குச் சற்று மேல், எடை ஏறத்தாழ ஒரு கிலோ. பகலெல்லாம் கடலில் மீன் பிடித்துவிட்டு, நன்றாக இருட்டிய பிறகு கூட்டமாகக் கரையேறி வளைக்குத் திரும்பும். தண்ணீரில் அம்பாய்ப் பாய்கிற பறவை, தரையில் தத்தித் தத்தித்தான் நடக்கும். ஆண்டுக்கு ஒருமுறை பழைய இறகை மொத்தமாக உதிர்த்துப் புது இறகு முளைக்கும்வரை, இரண்டு வாரத்துக்கும் மேலாகக் கடலில் இறங்கவே முடியாது. பட்டினியாகக் கரையில் கிடக்கும். அந்த நாட்களில் ஒரு நரியோ, கயிறு அவிழ்த்துவிட்ட ஒரு வீட்டு நாயோ வந்தால் போதும்.

வார்னம்பூலுக்கு வழி சொன்னவர் ஒரு கோழிப்பண்ணைக்காரர். ஊரார் ‘ஸ்வாம்பி’ மார்ஷ் என்று அழைத்த ஆலன் மார்ஷ், தம் கோழிகளை நரியிடமிருந்து காக்க மரெம்மா நாய்களை வைத்திருந்தார். இத்தாலியில் ஆட்டு மந்தைக்குக் காவலாக வளர்க்கப்பட்ட வெள்ளை நாய் அது. எந்த உயிர்களோடு குட்டியிலிருந்தே பழகுகிறதோ, அவற்றைத் தன் கூட்டமாக நினைத்துக் காக்கும். கோழியைக் காக்கிற நாய் பென்குயினைக் காக்காதா? அவர் பண்ணையில் வேலை பார்த்த டேவிட் வில்லியம்ஸ் என்ற மாணவர் அந்த யோசனையைத் திட்டமாக எழுதிக் கொடுத்தார். 2006-இல் ‘ஆட்பால்’ என்ற நாய் தீவுக்குப் போனது. தனிமை பொறுக்காமல் சில வாரங்களில் வீடு திரும்பிவிட்டது. ஆனாலும் நாயின் வாசனையும் குரைப்பும் இருக்கும் இடத்தில் நரி கால்வைக்கத் தயங்குகிறது என்பது தெரிந்துவிட்டது. அதன்பிறகு யூடி, டூலா என்ற இரு சகோதரி நாய்கள் பொறுப்பேற்றன. பென்குயின்கள் மறுபடி பெருகின. 2015-இல் ‘ஆட்பால்’ என்ற பெயரிலேயே திரைப்படமும் வந்தது.

படத்தில் தெரியாத வேலைதான் பெரிது. தீவுக்குள் பொதுமக்கள் போவதற்குத் தடை போட்டார்கள். கால் மிதித்தால் வளை இடிந்துவிடும். நாய்களுக்குத் தீனி கொண்டுபோக, பறவைகளை எண்ண, கரையில் நரி நடமாட்டத்தைக் கவனிக்க ஆள் வேண்டியிருந்தது. அதற்கு நகராட்சியும் தன்னார்வலர்களும் சேர்ந்து தோள் கொடுத்தார்கள். இதில் ஓய்வே கிடையாது. 2017-இல் கடல் கொந்தளிப்பால் நாய்களைத் தீவில் விட முடியாமல் போன இடைவெளியில் நரி புகுந்து ஏராளமான பறவைகளைக் கொன்றுபோட்டது. பல ஆண்டுக் காவலின் பலனில் பெரும்பகுதி அந்த இடைவெளியிலேயே போய்விட்டது.

நாயின் கதை மனசைத் தொடுவது உண்மைதான். ஆனால் என்னைக் கேட்டால், அதே மாநிலத்தின் பிலிப் தீவில் நடந்ததே இதைவிடப் பெரிய காரியம். ஒரு காலத்தில் அந்தத் தீவில் பத்து இடங்களில் பென்குயின் கூட்டங்கள் இருந்தன. கடைசியில் சம்மர்லேண்ட் முனையில் மட்டும் ஒன்று மிஞ்சியது. அந்த முனையிலும் மனை பிரித்து, சாலை போட்டு, விடுமுறை வீடுகள் கட்டியிருந்தார்கள். கார் ஏறிச் செத்தவை பல, நாய் கடித்துச் செத்தவை பல. இப்படியே போனால் இந்தக் கூட்டமும் இல்லாமல் போகும் என்று ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். 1985-இல் மாநில அரசு, அங்கிருந்த 774 மனைகளையும் விலைகொடுத்துத் திரும்ப வாங்குவதென்று முடிவெடுத்தது. 25 ஆண்டுகள் பிடித்தன. பிள்ளைகளோடு கோடையைக் கழித்த வீட்டை விட்டுக்கொடுப்பது எவருக்கும் லேசல்ல. உரிமையாளர்களில் பலருக்கு அது தீராத வருத்தம். 2010-இல் எல்லாம் முடிந்தது. வீடுகள் அகன்ற இடத்தில் மண்ணுக்குரிய செடிகளை நட்டார்கள். 2017-இல் தீவில் நரியே இல்லை என்று அறிவிக்கப்பட்டது. இன்று அங்கே முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பென்குயின்கள் வாழ்கின்றன.

நியூசிலாந்தின் ஓமாரு நகரம் இன்னொரு வழியில் போனது. கைவிட்ட கல்குவாரி ஒன்றில் பென்குயின்கள் வந்து குடியேற, ஊர்க்காரர்கள் இடத்தைச் சுத்தம் செய்து, முட்டையிட மரப்பெட்டிகள் வைத்துக் கொடுத்தார்கள். கடலிலிருந்து கூட்டுக்குப் போகும் பாதையில் சாலை குறுக்கிட்டதால், பறவைகளுக்கென்றே அதற்கு அடியில் ஒரு சுரங்கவழி அமைத்தார்கள்.

எண்ணெய்க் கசிவில் சிக்கிய பென்குயின்களுக்கு ஸ்வெட்டர் பின்னி அனுப்பிய செய்தி பலருக்கு நினைவிருக்கலாம். அது அழகுக்காக அல்ல. இறகில் ஒட்டிய எண்ணெயைப் பறவை அலகால் கோதி விழுங்கிவிடாமல், கழுவும் வரை தடுப்பதற்கு. 2001-இல் பிலிப் தீவருகே எண்ணெயில் நனைந்த 438 பறவைகளில் மிகப் பெரும்பாலானவை சிகிச்சைக்குப் பின் கடலுக்குத் திரும்பின. ஆனாலும் அது வந்தபின் பார்க்கும் வைத்தியம். வருமுன் காப்பது நாயைக் கட்டி வைப்பதிலும், கரையோர விளக்கை அணைப்பதிலும், வளை இருக்கும் மணல்மேட்டில் நடக்காமல் இருப்பதிலும் இருக்கிறது.

மெல்போர்னில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம்மவர்கள் பலர், மாலையில் பென்குயின்கள் கரையேறுவதைக் காணப் பிலிப் தீவுக்குப் போகிறார்கள். அங்கே படம் எடுக்கத் தடை உண்டு; இருட்டுக்குப் பழகிய கண்களை ஒளி கூசச் செய்து பறவையைத் தடுமாற வைக்கும். செல்பேசியைப் பையிலேயே வைத்துவிடுங்கள். பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, காரை எடுக்கும் முன் குனிந்து சக்கரங்களுக்கு அடியில் ஒருமுறை பாருங்கள்.