சிறு புஷ், பெரும் பணி

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிப் பக்கம் கரி மூட்டையோ மக்காச்சோளமோ ஏற்றிச் செல்லும் பிக்அப் வண்டியில் நீங்கள் பயணம் செய்திருக்கலாம். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அடியிலிருந்து "கடக்" என்று ஓசை கேட்டதுண்டா? பிரேக்கை அழுத்தியதும் வண்டி ஒரு பக்கமாக இழுத்ததுண்டா? அப்படியானால், உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் துண்டின் மீது ஐயங்கொள்ளலாம். அதன் பெயர் புஷ்.

கரிசல் நாட்டில் இதற்கு வேலை அதிகம். கரிசல் மண் மழையில் உப்பும். கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன் மீது போட்ட சாலையும் நாளடைவில் மேடுபள்ளமாகிவிடும்.

புஷ் எங்கே இருக்கிறது?

வண்டியின் பின்சக்கரத்தருகே குனிந்து பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள் தெரியும். அதுவே ஸ்பிரிங். முதற்பட்டையின் இரு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். முன் வளையம் நேராகச் சேசிஸில் பூட்டப்படுகிறது. பின் வளையம் ஷாக்கிள் என்னும் ஆடும் இணைப்பில் தொங்குகிறது. சுமை ஏறினால் பட்டை நிமிர்ந்து நீளும். அதற்கு இடங்கொடுப்பதே ஷாக்கிள்.

வளையத்துக்கும் போல்ட்டுக்கும் நடுவில் இருப்பது புஷ். பல வண்டிகளில் இது இரு இரும்புக் குழல்களும் அவற்றுக்கிடையே ஒட்டிய ரப்பரும் கொண்டது. வெளிக்குழல் வளையத்தில் இறுகியிருக்கும். உட்குழலைப் போல்ட் இறுகப் பிடித்திருக்கும். இங்கே எதுவும் உரசிச் சுழல்வதில்லை. ரப்பர்தான் முறுகி, மீண்டும் பழைய நிலைக்கு வருகிறது. ஆகவே இதற்குக் கிரீஸ் தேவையில்லை. பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1839இல் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்துடன் சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையைக் கண்டதனால்தான் இத்தகைய வேலைக்கு ரப்பர் பயன்படலாயிற்று.

தேய்ந்தால் என்ன?

வெப்பமும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை வெடிக்கச் செய்கின்றன. எண்ணெய் அதை உப்பி மென்மையாக்குகிறது. ஒரு சிறு கணக்குப் போடுவோம். இரு பக்க ஸ்பிரிங்குகளுக்கும் இடைவெளி ஒரு மீட்டர் என்க. ஒரு பக்கத்து முன் புஷ் தேய்ந்து, அச்சு அங்கே 5 மில்லிமீட்டர் நகர்ந்தால், சக்கரங்கள் நோக்கும் திசை 200 மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் விலகும். ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடித்தே ஓட்ட வேண்டும். பிரேக் போடும்போது இவ்விலகல் திடீரென நேர்ந்தால் ஆபத்து.

எதைத் தேர்ந்தெடுப்பது?

வண்டி உற்பத்தியாளர் குறித்த அளவே முதல் விதி. ரப்பர் அதிர்வை விழுங்கும். பாலியூரிதேன் விறைப்பானது, எண்ணெயை நன்கு தாங்கும், ஆனால் சாலையின் அதிர்வை அப்படியே மேலே அனுப்பும். அது உட்குழல் மீது சுழல்வதால் அதற்குரிய கிரீஸும் வேண்டும். மூட்டை சுமக்கும் அன்றாட வண்டிக்கு நல்ல ரப்பரே பெரும்பாலும் போதும்.

மாற்றும்போது கவனம்

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் நுழையாதீர்கள்; சேசிஸுக்கு உறுதியான ஸ்டாண்டு கொடுங்கள். பழைய புஷ்ஷைத் தீயால் எரித்து எடுக்கும் வழக்கம் தவறு. பதப்படுத்திய எஃகு சூட்டில் தன் வலிமையை இழக்கும், புகையும் நச்சு. அழுத்தி வெளியே தள்ளுவதே முறை. புது ரப்பரை நுழைக்கச் சோப்பு நீர் போதும், எண்ணெய் கூடாது. இரு பக்கமும் ஒன்றாக மாற்றுங்கள். தேய்ந்த போல்ட்டையும் விட்டுவைக்காதீர்கள்.

பலரும் தவறுவது கடைசிப் படியில்தான். சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும். நின்றாலும் ஓடினாலும் அதற்கு ஓய்வில்லை, விரைவில் கிழியும். எனவே வண்டியைத் தன் சக்கரங்களில் நிற்கவைத்த பிறகே இறுதி முறுக்குக் கொடுக்க வேண்டும்.

அடுத்த முறை "கடக்" ஓசை கேட்டால், "பழைய வண்டி, அப்படித்தான்" என்று இருந்துவிடாதீர்கள். இறங்கி, குனிந்து, அந்த வளையத்தைப் பாருங்கள்.