புகார் இல்லையென்றால் புள்ளியும் இல்லை

கடந்த விடுமுறையில் சுங்கைப்பட்டாணி அருகே தோட்டத்தில் இருக்கும் தாத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த ஆண்டில் மட்டும் அவர்கள் லயத்தில் இரண்டு மோட்டார் சைக்கிள்களும் ஒரு மூட்டை ஒட்டுப்பாலும் களவு போயிருந்தன. மோட்டார்களில் ஒன்று தாத்தாவுடையது.

"போலீஸ் புகார் கொடுத்தீங்களா தாத்தா?" என்று கேட்டேன்.

"பழைய மோட்டார்தானே! அதுக்காக ஒருநாள் வேலையை விட்டுட்டு பாலாய்க்கு அலைய முடியுமாப்பா?" என்றார்.

பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கும் எனக்கு அந்தப் பதில் உறுத்தியது. காரணம், குற்ற வரைபடம் புகாரிலிருந்துதான் பிறக்கிறது.

குற்றங்களை வரைபடத்தில் காட்டும் முறை புதியதல்ல. 1829இல் பிரான்சில் பால்பி, கெர்ரி என்ற இருவர் குற்றங்களையும் கல்வி நிலையையும் வட்டார வாரியாக வரைந்து வெளியிட்டனர். படிப்பு குறைந்த இடத்தில்தான் குற்றம் அதிகம் என்ற நம்பிக்கையை அந்த வரைபடங்கள் மெய்ப்பிக்கவில்லை. பின்னர் காவல் நிலையச் சுவரில் வரைபடத்தை மாட்டி, குற்றம் நடந்த இடத்தில் வண்ண ஊசி குத்தும் வழக்கம் வந்தது. இன்று அந்த வேலையைக் கணினி செய்கிறது. நம் நாட்டிலும், 2004இல் தொடங்கிய 'பண்டார் செலாமாட்' எனும் பாதுகாப்பான நகர்த் திட்டத்தில் குற்ற வரைபடம் ஒரு முக்கிய அங்கம்.

இது எப்படி இயங்குகிறது? ஒவ்வொரு புகாரிலும் குற்றத்தின் வகை, இடம், நாள், நேரம் ஆகியவை இருக்கும். இவை வரைபடத்தில் ஒரு புள்ளியாகின்றன. ஒரு கடைவீதியில் மாலை 7 மணிக்குமேல் வழிப்பறிப் புள்ளிகள் குவிந்தால், ரோந்து வண்டியை எங்கே, எப்போது அனுப்புவது என்பது தெரிந்துவிடும். விளக்குக் கம்பமும் கண்காணிப்புக் கேமராவும் எங்கே தேவை என்பதை நகராண்மைக் கழகமும் முடிவு செய்யலாம்.

சிக்கல் இங்கேதான். தாமான் வீட்டுக்குச் சாலைப் பெயரும் எண்ணும் உண்டு. பல தோட்டங்களின் முகவரியிலோ தோட்டத்தின் பெயரும் அஞ்சல் குறியீடும் மட்டுமே இருக்கும். அதை மட்டும் சொன்னால், புள்ளி திருட்டு நடந்த லயத்தில் விழாமல் தோட்ட அலுவலகத்தில் போய் விழலாம். புகாரே இல்லையென்றால் புள்ளியே இருக்காது. வெற்றிடமாகத் தெரியும் தோட்டம் பாதுகாப்பான இடம் என்று பொருளல்ல. அதேபோல், புள்ளிகள் நிறைந்த தாமானைக் கெட்ட இடம் என்று முத்திரை குத்துவதும் தவறு. அங்குள்ளவர்கள் தயங்காமல் புகார் செய்பவர்களாகவும் இருக்கலாம்.

நாம் செய்யக்கூடியது என்ன? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆவது பிரிவின்படி, குற்றம் நாட்டின் எந்தப் பகுதியில் நடந்திருந்தாலும் அது பற்றிய தகவலைக் காவல் நிலையம் ஏற்றுப் பதிவு செய்ய வேண்டும். எனவே வேலைக்கோ கடைக்கோ போகும் வழியில் உள்ள நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். தோட்டப் பெயரோடு நிறுத்தாமல், பக்கத்திலுள்ள கோயில், பாலம், பள்ளி என ஓர் அடையாளத்தையும் சொல்லுங்கள். கைப்பேசி காட்டும் இட எண்களைக் குறித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. மலாயில் பேசத் தயங்கும் பெரியவர்களுக்கு நாம் துணைக்குப் போகலாம்.

மறுநாள் தாத்தாவை நானே அழைத்துப் போனேன். புகார் எழுத அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மோட்டார் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் அது களவு போன இடமும் நேரமும் இப்போது பதிவில் இருக்கின்றன. பக்கத்து வீட்டு அண்ணனும் அடுத்த வாரம் தன் மோட்டாருக்காகப் புகார் கொடுத்துவிட்டு வந்தாராம்.